'இன் த ஹீட் ஆஃப் த நைட்' படத்தை இரண்டு முறை பார்ப்பது எப்படி

இந்தப் படத்தை முதல் தடவை பார்க்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். யூட்யூபில் 'மிஸ்டர் டிப்ஸ்' வசனத் துண்டையும் கன்னத்தில் அறை விழும் துண்டையும் பார்த்துவிட்டுப் படத்தையே பார்த்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான். 1967-இல் வந்த படம், நார்மன் ஜூவிசன் இயக்கம், சிட்னி பாய்ட்டியரும் ராட் ஸ்டைகரும் நடிப்பு, ஓடும் நேரம் இரண்டு மணி நேரத்துக்குள். நான் சொல்லப்போவது இதுதான்: ஒரு வாரம் இடைவெளி விட்டு இரண்டு முறை பாருங்கள். முதல் முறை ஸ்டைகரைப் பின்தொடருங்கள், இரண்டாம் முறை பாய்ட்டியரைப் பின்தொடருங்கள். ஒரே தடவையில் இருவரையும் பார்த்தால் ஸ்டைகர்தான் கண்ணை இழுத்துக்கொள்வார். அன்றைய ஆஸ்கர் ஓட்டாளர்களுக்கும் அப்படித்தான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

துப்பறியும் கதை என்று நம்பி உட்கார்ந்தால் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கொலை செய்தவன் யார் என்ற முடிச்சு அவசரமாக அவிழ்கிறது, காரணமும் கடைசி கால் மணி நேரத்தில்தான் வந்து சேர்கிறது. அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கொலை என்பது இந்த இரண்டு ஆட்களையும் ஒரே அறையில் உட்கார வைக்க ஒரு சாக்கு.

பார்ப்பதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

கதை மிஸிஸிப்பி மாநிலத்தில் ஸ்பார்ட்டா என்ற கற்பனை ஊரில் நடக்கிறது. ஊருக்குத் தொழிற்சாலை கட்ட சிகாகோவிலிருந்து வந்த பணக்காரர் கோல்பர்ட் இரவில் தெருவில் செத்துக் கிடக்கிறார். ரோந்து போன போலீஸ்காரர் சாம் வுட், ரயில் நிலையத்தில் அடுத்த வண்டிக்காகத் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு கறுப்பினத்தவரைப் பார்க்கிறார், பர்ஸில் பணம் இருக்கிறது, அவ்வளவுதான், கைது. ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்த பிறகுதான் அவர் பிலடெல்பியா நகரக் கொலை வழக்குப் பிரிவின் அதிகாரி வர்ஜில் டிப்ஸ் என்று தெரிகிறது. ஊர் போலீஸ் தலைவர் பில் கில்லெஸ்பிக்கு இப்படி ஒரு வழக்கை நடத்தத் தெரியாது, டிப்ஸுக்கு அந்த ஊரில் ஒரு நிமிஷம்கூட இருக்கப் பிடிக்கவில்லை. ஆனாலும் இருவரும் சேர்ந்து வேலை பார்க்க வேண்டியதாகிறது.

அந்தக் கைது விசாரணையில் ஒரு சின்னப் பரிமாற்றம் வரும். எங்கே சம்பாதித்தாய் என்று கேட்டதற்கு டிப்ஸ் 'பிலடெல்பியா' என்பார். உடனே கில்லெஸ்பி 'மிஸிஸிப்பியா?' என்பார். டிப்ஸ் 'பென்சில்வேனியா' என்று திருத்துவார். இன்று பார்க்கிறவர்கள் இதை ஊர்ப்பெயர்க் குழப்பம் என்று கடந்துபோய்விடலாம். 1967-இல் அரங்கில் இருந்த அமெரிக்கர்களுக்கு மிஸிஸிப்பியின் பிலடெல்பியா எது என்று நன்றாகத் தெரியும். 1964 ஜூனில் கறுப்பினத்தவரின் ஓட்டுரிமைக்காக வேலை செய்த ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மன், மைக்கேல் ஷ்வெர்னர் என்ற மூன்று இளைஞர்களை கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் ஆட்கள் கொன்று மண்ணணைக்குள் புதைத்தது அந்த ஊருக்குப் பக்கத்தில்தான். அந்த ஊர்ப் போலீஸ் அதிகாரி ஒருவருக்கே அதில் பங்கு இருந்தது. அந்த நினைப்போடு அந்த மூன்று வார்த்தைகளைக் கேளுங்கள், அறையின் காற்றே மாறிவிடும்.

இன்னொன்று. படம் மிஸிஸிப்பியில் எடுக்கப்படவில்லை. பாய்ட்டியர் தெற்கு மாநிலங்களில் நடிக்கச் சம்மதிக்கவில்லை, அதற்கு வலுவான காரணம் இருந்தது. 1964-இல் அவரும் பாடகர் ஹாரி பெலஃபான்டேயும் உரிமைப் போராட்ட இளைஞர்களுக்காகத் திரட்டிய 70,000 டாலரை மிஸிஸிப்பியின் க்ரீன்வுட்டுக்கு நேரில் கொண்டுபோனார்கள். விமான நிலையத்திலிருந்து போகும் வழியில் க்ளான் ஆட்கள் வண்டியில் துரத்தினார்கள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போய் வேலை செய் என்று அவரிடம் யார் சொல்ல முடியும்? அதனால் ஜூவிசன் வடக்கே இல்லினாய் மாநிலத்தில், ஸ்பார்ட்டா என்ற பெயரிலேயே இருந்த ஒரு சிற்றூரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் எடுத்தார். பருத்தித் தோட்டக் காட்சிகளுக்கு மட்டும் டென்னஸிக்குப் போனார்கள், பாய்ட்டியர் தலையணைக்கடியில் துப்பாக்கி வைத்துக்கொண்டு தூங்கியது அங்கேதான். 1966-இன் இலையுதிர்காலம் அது, நல்ல குளிர். கதையிலோ வியர்த்துக் கொட்டும் இரவு. மூச்சில் ஆவி தெரியாமல் இருக்க நடிகர்கள் ஐஸ் துண்டை வாயில் போட்டுக்கொண்டு நடித்தார்கள்.

ஆக, பாய்ட்டியரின் முகத்தில் நீங்கள் பார்க்கும் எச்சரிக்கை முழுக்க நடிப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முதல் முறை: ஸ்டைகர்

வெளிச்சத்தைக் குறைத்து, போனைத் தள்ளி வைத்துவிட்டு, சப்டைட்டிலோடு பாருங்கள். ஸ்டைகர் முழு வாக்கியமாகப் பேசுவதே இல்லை, பாதியை மென்று விழுங்கிவிடுவார். தெற்கத்திய இழுப்பு வேறு.

அவருடைய தாடையைக் கவனியுங்கள். படம் முழுக்க சூயிங்கம். ஜூவிசன் இதைச் சொன்னபோது ஸ்டைகருக்கு முதலில் பிடிக்கவில்லை, பழக்கமான தந்திரமாக இருக்கும் என்று நினைத்தார், பிறகு அதையே அந்த ஆளின் நாடித்துடிப்பாக மாற்றிக்கொண்டார். நிம்மதியாக இருக்கும்போது மெதுவாக மெல்லுவார், பொய் சொல்லும்போது வேகம் கூடும், ஏதாவது ஒன்று உண்மையிலேயே மனதுக்குள் இறங்கிவிட்டால் நின்றுபோகும். பிலடெல்பியாவுக்குப் போன் போட்டு, எதிரே நிற்பவர் அந்த நகரத்தின் முதல்தரக் கொலை விசாரணை நிபுணர் என்று அவருடைய மேலதிகாரி சொல்லக் கேட்கும் இடத்தில் பாருங்கள், வாயைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து, கில்லெஸ்பி எத்தனை பேரைத் தப்பாகப் பிடிக்கிறார் என்று கூடவே எண்ணிக்கொண்டே வாருங்கள். முதலில் டிப்ஸ். பிறகு இறந்தவரின் பர்ஸை எடுத்துக்கொண்டு ஓடிய ஹார்வி ஓபர்ஸ்ட். பிறகு தன்னுடைய சொந்த ஆளான சாம் வுட். ஒவ்வொரு தடவையும் அதே உறுதி, அதே குரல், வழக்கு முடிந்தது என்ற அதே திருப்தி. ஓபர்ஸ்ட் இடதுகைப் பழக்கமுள்ளவன், அடி விழுந்திருப்பதோ வலதுகைக்காரனிடமிருந்து என்று டிப்ஸ் எடுத்துக்காட்டும்போது கில்லெஸ்பிக்கு வரும் கோபம், கொலைகாரன் தப்பிவிட்டானே என்ற கோபமாகத் தெரியவில்லை, இவன் சொல்லி நான் கேட்க வேண்டியிருக்கிறதே என்ற கோபமாகத்தான் தெரிகிறது. இனவெறி அன்றாட வாழ்க்கையில் எப்படி வேலை செய்கிறது என்பதை இவ்வளவு சாதாரணமாகக் காட்டிய படங்கள் குறைவு: கையில் யார் கிடைத்தாலும் குற்றவாளி, யோசிக்கிற வேலை மிச்சம். தெரு நிறைய வெள்ளையர்கள் இருக்கும் ஊரில் முதலில் கிடைத்தவர் கறுப்பினத்தவராக இருந்தது தற்செயல் கிடையாது.

ஆனால் கில்லெஸ்பியை வெறும் வில்லனாகப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள், ஸ்டைகர் அதற்கு இடம் தரவில்லை. அந்த மஞ்சள் கண்ணாடி, முன்னால் தள்ளிய வயிறு, ஓயாமல் தொந்தரவு செய்யும் அலுவலக ஏசி, யாரைப் பார்த்தாலும் கத்தல், இதெல்லாம் சேர்ந்து ஊரில் மரியாதை இல்லாத ஒரு அதிகாரியைக் கட்டுகின்றன. மேயர் அவரைப் பந்தாடுகிறார், கீழே இருப்பவர்கள் பின்னால் சிரிக்கிறார்கள். இறந்தவரின் மனைவி, 'அந்த நீக்ரோ அதிகாரிதான் விசாரிக்க வேண்டும், இல்லையென்றால் தொழிற்சாலையை மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுவேன்' என்று சொன்ன பிறகு, கில்லெஸ்பி ரயில் நிலையத்துக்கு ஓடிப்போய் டிப்ஸைத் திரும்ப அழைக்கும் காட்சி வரும். அவர் கெஞ்சவில்லை. 'வெள்ளைக்காரன் எல்லாரையும்விட நீ புத்திசாலி என்று காட்ட ஒரு வாய்ப்பு கிடைத்திருக்கிறது, அதை விட்டுவிட்டு உன்னால் போக முடியாது' என்கிற மாதிரி ஒரு கொக்கியைப் போடுகிறார். அதில் பாதி அவமதிப்பு, பாதி சரியான கணிப்பு. எதிராளியின் மனதை இவ்வளவு துல்லியமாகப் படிக்கிற ஒருவர் முட்டாளாக இருக்க முடியாது. அந்தப் புத்தியைத் தன் ஊரையும் தன்னையும் பார்க்கப் பயன்படுத்தாமல் இத்தனை வருஷம் வைத்திருந்தார் என்பதுதான் எனக்கு அதிகம் உறுத்துவது.

முதல் பார்வையில் இன்னொரு முக்கியமான இடம், இரவில் கில்லெஸ்பியின் வீட்டில் இருவரும் குடித்துக்கொண்டு பேசுவது. அந்தப் பேச்சில் பெரும்பகுதி இரண்டு நடிகர்களும் சேர்ந்து அந்த இடத்திலேயே உருவாக்கியது. கல்யாணம் இல்லை, குழந்தை இல்லை, இந்த வீட்டுக்கு யாரும் வருவதில்லை என்று கில்லெஸ்பி மெல்லத் திறக்கிறார். உனக்குத் தனிமையாக இல்லையா என்று டிப்ஸிடம் கேட்கிறார். உனக்கு இருப்பதைவிட அதிகமாக இல்லை என்று டிப்ஸ் சொன்னதும் ஒரு நொடிதான், கதவு அறைந்து சாத்தப்படுகிறது, பழைய இழிசொல் திரும்ப வந்துவிடுகிறது. தானாகக் கொடுத்த நெருக்கத்தை அடுத்தவன் சமமாகத் திருப்பிக் கொடுத்ததும் தாங்க முடியவில்லை. இந்தக் காட்சிக்காக ஸ்டைகருக்கு எந்த விருது கொடுத்தாலும் தகும்.

இரண்டாம் முறை: பாய்ட்டியர்

(இதற்கு மேல் கதையின் சில திருப்பங்கள் வருகின்றன. முதல் முறை பார்த்து முடித்துவிட்டு வாருங்கள். கொலைகாரன் யார் என்று மட்டும் கடைசி வரை சொல்லமாட்டேன்.)

இப்போது கதை தெரியும், ஸ்டைகரின் சேட்டைகள் தெரியும், அதனால் கண்ணைச் சுலபமாக மற்றவர் பக்கம் திருப்பலாம். ஒரு பயிற்சி சொல்கிறேன்: யார் பேசினாலும் பேசுபவரைப் பார்க்காமல், திரையில் டிப்ஸ் இருந்தால் டிப்ஸை மட்டும் பாருங்கள். முதல் பத்து நிமிஷம் கஷ்டமாக இருக்கும், அப்புறம் பழகிவிடும்.

ரயில் நிலையக் கைதில் ஆரம்பியுங்கள். துப்பாக்கியை நீட்டிக்கொண்டு வரும் சாம் வுட்டிடம் டிப்ஸ் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் போலீஸ் என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. ஏன்? திடீரென்று கை சட்டைப்பைக்குப் போனால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். சுவரில் கை வைத்து நிற்கும் விதத்தில் பயத்தைவிட ஒரு கணக்கு தெரிகிறது: இந்த ஆள் பதற்றமாக இருக்கிறான், நான் அசையக் கூடாது. பல வருஷம் இந்த நாட்டில் கறுப்பு உடம்போடு வாழ்ந்த ஒருவரின் பயிற்சி அது. பாய்ட்டியர் அதை எதுவும் செய்யாமல் செய்கிறார்.

பிறகு அவருடைய கைகள். பிணத்தைச் சோதிக்கும் காட்சியில் அந்த விரல்கள் எப்படி நகர்கின்றன என்று பாருங்கள், நீளமான, அமைதியான, வேலை தெரிந்த விரல்கள். சுற்றி நிற்கும் வெள்ளையர்கள் ஒரு கறுப்பின மனிதர் வெள்ளையரின் உடலைத் தொடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். இந்தக் கறுப்புக் கை, வெள்ளை உடம்பு என்ற பதற்றம் படம் முழுக்க ஓடுகிறது. கோல்பர்ட்டின் மனைவியிடம் கணவர் இறந்த செய்தியைச் சொல்லும் காட்சியிலும் அது இருக்கிறது. அதில் நடித்த லீ கிராண்ட், கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த காலத்தில் கறுப்புப் பட்டியலில் வைக்கப்பட்டு ஒரு டஜன் வருஷம் ஹாலிவுட்டில் வேலை இழந்தவர், சமீபத்தில்தான் திரும்பியிருந்தார். அவர் அழுவதில்லை, கையை உதறுகிறார், விலகுகிறார், திரும்பிப் பிடித்துக்கொள்கிறார். பாய்ட்டியர் எவ்வளவு நெருங்கலாம், எங்கே நிற்க வேண்டும் என்று ஒவ்வொரு அங்குலத்தையும் அளந்து நிற்கிறார். ஊர் முழுக்க அவரை மனிதராக மதிக்காத அந்த இரவில், அந்த அறையில் மனிதத்தன்மையோடு நடந்துகொள்வது அவர் ஒருவர்தான்.

லைட்டிங்கையும் இந்த முறை கவனியுங்கள். அதுவரை ஹாலிவுட் கலர் படங்களில் வெள்ளைத் தோலுக்கு ஏற்றபடிதான் விளக்கு போடுவார்கள், கறுப்புத் தோலில் அது பளபளவென்று எகிறி முகத்தின் நுணுக்கத்தை அழித்துவிடும். ஒளிப்பதிவாளர் ஹாஸ்கெல் வெக்ஸ்லர் அந்தப் பளபளப்பைக் குறைத்து, பாய்ட்டியரின் முகம் முழுசாகத் தெரிகிற மாதிரி விளக்கை அமைத்தார். இவ்வளவு நுணுக்கமாக ஒருவர் முகத்தை வைத்து நடிக்கும்போது அது தெரியாமல் போயிருந்தால் என்ன பயன்? அந்த நடிப்பின் பாதி வெக்ஸ்லரால்தான் நமக்குக் கிடைத்தது என்பேன்.

சரி, 'அவர்கள் என்னை மிஸ்டர் டிப்ஸ் என்று அழைப்பார்கள்' என்ற வசனம். தனியாகப் பார்த்தால் அது ஒரு முழக்கம், படத்தோடு பார்த்தால் வேறு. அந்த ஊரில் அதுவரை அவரை 'பாய்' (boy, பொடியன் என்கிற இழிவு) என்றும் வர்ஜில் என்றும்தான் கூப்பிடுகிறார்கள், வயதில் சின்னவர்கள்கூட. அவர் அத்தனையையும் விழுங்கிக்கொண்டு வேலை பார்க்கிறார். எங்கே குரல் உயர்கிறது, அதற்கு முன் எத்தனை தடவை உயராமல் இருந்தது என்று பின்னோக்கிப் பாருங்கள். அடக்கியதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் வருகிறது, உடனே மறுபடி அடங்கிவிடுகிறது.

அந்தக் கண்ணாடிக் குடிலில் மெதுவாகப் போங்கள்

எண்டிகாட் என்ற பருத்திப் பண்ணையாரைப் பார்க்கப் போகும் பகுதியை இரண்டாம் முறையில் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். அது கார்ப் பயணத்திலேயே தொடங்கிவிடுகிறது. வெளியே பருத்திக் காட்டில் கறுப்பினத்தவர்கள் குனிந்து பஞ்செடுத்துக்கொண்டிருக்கிறார்கள், உள்ளே சூட் போட்ட டிப்ஸ் கண்ணாடி வழியாகப் பார்க்கிறார். இதெல்லாம் உனக்கில்லை, இல்லையா வர்ஜில் என்கிறார் கில்லெஸ்பி. டிப்ஸ் பதில் சொல்லவில்லை. அந்த முகத்தில் குற்ற உணர்வா, கோபமா, நான் தப்பித்தேன் என்ற நினைப்பா? மூன்றும் இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. ரே சார்ல்ஸ் பாடிய தலைப்புப் பாட்டையும் படத்தின் இசையையும் தந்த குவின்ஸி ஜோன்ஸ் இங்கேயும் கூடவே இருக்கிறார்.

எண்டிகாட் செடி வளர்க்கும் கண்ணாடிக் குடிலுக்குள் ஆர்க்கிட் பூக்கள். எண்டிகாட் முதலில் மரியாதையாகத்தான் பேசுகிறார், டிப்ஸுக்குப் பூக்களைப் பற்றித் தெரிந்திருப்பதில் ஆச்சரியம்கூட. பிறகு, இந்தச் செடிகள் நீக்ரோக்களைப் போல, பார்த்துப் பார்த்து ஊட்டி வளர்க்க வேண்டியவை, அதற்கு நேரம் பிடிக்கும் என்கிறார். கத்தவில்லை, திட்டவில்லை, சிரித்துக்கொண்டே சொல்கிறார். படத்தின் மிகக் கொடூரமான வசனம் அதுதான் என்று நினைக்கிறேன், எந்த இழிசொல்லையும்விட. கொலை நடந்த இரவைப் பற்றித் தன்னையே விசாரிக்கிறார்கள் என்று புரிந்ததும் கை நீள்கிறது, அறை விழுகிறது. டிப்ஸ் யோசிக்கவே இல்லை, திருப்பி அறைகிறார்.

இப்போது வீடியோவை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் பின்னால் போய், அறை விழுந்த பிறகு வரும் முகங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். எண்டிகாட், 'கில்லெஸ்பி, பார்த்தாயா' என்கிறார். 'பார்த்தேன்' என்கிறார் கில்லெஸ்பி. 'என்ன செய்யப்போகிறாய்?' 'தெரியாது.' ஸ்டைகர் அந்த ஒரு சொல்லைச் சொல்லும் விதத்தில் ஒரு முழு வாழ்க்கைமுறை ஆட்டம் காண்கிறது. 'உன்னைச் சுட்டுக் கொன்றிருக்கக்கூடிய ஒரு காலம் இருந்தது' என்று எண்டிகாட் சொல்லும்போது அவருக்குக் குரல் உடைகிறது. அப்புறம் ஜெஸ்டர் ஹேர்ஸ்டன் நடித்த ஹென்றி, பானத் தட்டோடு நிற்கும் வீட்டு வேலைக்காரர். அந்த வயதான கறுப்பின மனிதரின் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. இதன் விலையை யார் கொடுப்பார்கள் என்று அவருக்குத் தெரியும், டிப்ஸ் ரயில் ஏறிப் போய்விடுவார், ஹென்றி அந்த வீட்டிலேயே இருப்பார். பிறகு மேயர் கில்லெஸ்பியிடம், முன்பிருந்த போலீஸ் தலைவராக இருந்தால் அடுத்த நொடியே டிப்ஸைச் சுட்டுவிட்டுத் தற்காப்பு என்று சொல்லியிருப்பார் என்பார், வெகு சாதாரணமாக.

திருப்பி அறைவது தன்னுடைய நிபந்தனை என்று பாய்ட்டியர் பிற்காலத்தில் சொன்னார். ஜூவிசனும் திரைக்கதை எழுதிய ஸ்டர்லிங் சிலிஃபன்டும் அது திரைக்கதையிலேயே இருந்தது என்றார்கள். படத்துக்கு மூலமான ஜான் பாலின் நாவலில் அது கிடையாது. எது எப்படியோ, ஒரு ஹாலிவுட் படத்தில் கறுப்பின நாயகன் வெள்ளைப் பண்ணையாரை அந்த நொடியே, எந்தத் தண்டனையும் இல்லாமல் திருப்பி அறைந்தது 1967-இன் பார்வையாளர்கள் பார்த்திராத ஒன்று. நூவர்க்கிலும் டெட்ராய்டிலும் இனக் கலவரத்தில் தெருக்கள் எரிந்த அதே கோடையில்தான், ஆகஸ்ட் மாதம், படம் வெளியானது.

பெரும்பாலானவர்கள் இங்கே கைதட்டிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள், அடுத்த இரண்டு நிமிஷம் அதைவிட முக்கியம். வெளியே வந்ததும் டிப்ஸ், அந்தக் கொழுத்த பண்ணையாரை மலையிலிருந்து கீழே இழுத்துப்போடுகிறேன், இன்னும் ஒன்றிரண்டு நாள் கொடு என்று கொதிக்கிறார். கில்லெஸ்பி அவரைப் பார்த்து, நீயும் எங்களை மாதிரித்தானே என்கிறார். டிப்ஸின் முகம் விழுகிறது. ஏனென்றால் அது உண்மை, எண்டிகாட் கொலைகாரன் இல்லை, எண்டிகாட்டாக இருக்க வேண்டும் என்று டிப்ஸுக்கு ஆசை. ஆனால் ஒரு வித்தியாசத்தை மறந்துவிட வேண்டாம்: கில்லெஸ்பியின் தப்புக் கணிப்பால் ஆட்கள் சிறைக்குப் போகிறார்கள், டிப்ஸின் தப்புக் கணிப்பால் எண்டிகாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. இருவருக்கும் முன்முடிவு இருக்கலாம், அதிகாரம் ஒருவர் கையில்தான். படம் இதை உரக்கச் சொல்வதில்லை, நீங்கள்தான் கவனிக்க வேண்டும்.

இன்னொரு சங்கடமான காட்சி பியா ரிச்சர்ட்ஸ் நடித்த மாமா கலேபாவுடன் வருவது. சட்டத்துக்குப் புறம்பாகக் கருக்கலைப்பு செய்யும் கறுப்பினப் பெண்மணி. அவரிடமிருந்து தகவல் பிடுங்க டிப்ஸ் என்ன செய்கிறார் என்று பாருங்கள்: சிறையில் வெள்ளையருக்கு ஒரு காலம், கறுப்பினத்தவருக்கு ஒரு காலம், கறுப்பினத்தவர் கழிக்கும் சிறைக்காலம்தான் ஆகக் கொடியது என்று சொல்லி மிரட்டுகிறார். தன்னை நசுக்கும் அதே அநியாயத்தைத் தன் மக்களில் ஒருவர் மீது ஆயுதமாக நீட்டுகிறார். பாய்ட்டியர் அதைப் பெருமையில்லாமல், குரலைத் தாழ்த்திச் செய்கிறார். டிப்ஸ் குறையே இல்லாத உத்தமர் என்று யாராவது சொன்னால் இந்தக் காட்சியைக் காட்டுங்கள்.

குறைகளையும் பார்க்க வேண்டும்

டிப்ஸ் குறையில்லாத உத்தமர் என்ற அந்தக் குற்றச்சாட்டு அன்றே வந்தது. 1967 செப்டம்பரில் கிளிஃபர்ட் மேசன் என்ற கறுப்பின நாடகாசிரியர், வெள்ளை அமெரிக்கா பாய்ட்டியரை ஏன் இவ்வளவு நேசிக்கிறது என்று நியூயார்க் டைம்ஸில் கடுமையாகக் கேட்டு எழுதினார். கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வினும் பிற்பாடு இந்தப் படத்தை விட்டுவைக்கவில்லை, அந்தக் கடைசி ரயில் நிலையப் புன்னகையைக் காதல் படங்களின் முடிவு முத்தத்தோடு சேர்த்துப் பார்த்தார். அதில் நியாயம் இருக்கிறது. டிப்ஸுக்குக் குடும்பம் காட்டப்படவில்லை, காதல் கிடையாது. ஸ்பார்ட்டாவின் கறுப்பின மக்கள் அவரைத் தங்கவைக்கும் மெக்கானிக் வீட்டிலும் பருத்திக் காட்டிலும் எட்டிப்பார்ப்பதோடு சரி. கதையில் மாறுவது வெள்ளைக்காரர், அவரை மாற்ற டிப்ஸ் இத்தனை அவமானம் பட வேண்டியிருக்கிறது. இதை ஏற்றுக்கொண்டே, பாய்ட்டியர் அந்தக் குறுகிய இடத்துக்குள் எவ்வளவு செய்தார் என்று பார்க்கலாம், ஒன்று மற்றொன்றைத் தடுக்காது.

ஆஸ்கர் கதையும் இதோடு சேர்ந்ததே. மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரல் 4 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார், விழாவை 8-ஆம் தேதியிலிருந்து 10-க்குத் தள்ளிவைத்தார்கள். சிறந்த படம், நடிகர், தழுவல் திரைக்கதை, எடிட்டிங், ஒலி என்று ஐந்து விருதுகள் இந்தப் படத்துக்கு. நடிகர் விருது ஸ்டைகருக்கு. அவர் மேடையில் பாய்ட்டியரின் நட்பு தனக்கு இனவெறியைப் புரியவைத்தது என்று நன்றி சொல்லி, நாம் வெல்வோம் என்ற போராட்டப் பாட்டின் வரியோடு முடித்தார். பாய்ட்டியர் பரிந்துரைப் பட்டியலிலேயே இல்லை. 1967-இல் அவருக்கு மூன்று பெரிய படங்கள், மூன்றில் எதற்கும் இல்லை. அதே வருஷம் 'கெஸ் ஹூ'ஸ் கமிங் டு டின்னர்' படத்தில் அவரோடு நடித்த ஸ்பென்சர் ட்ரேசிக்குப் பரிந்துரை, கேத்தரின் ஹெப்பர்னுக்கு விருது, பாய்ட்டியரின் அம்மாவாக வந்த பியா ரிச்சர்ட்ஸுக்கும் பரிந்துரை. அவரைச் சுற்றி நின்றவர்கள் எல்லாருக்கும் வெளிச்சம் விழுந்திருக்கிறது. ஓட்டுகள் மூன்று படங்களுக்குள் சிதறின என்று ஒரு விளக்கம் உண்டு, அது ஓரளவு சரியாக இருக்கலாம். ஆனால் அசையாமல் நின்று, கேட்டு, அடக்கி நடிப்பதை நடிப்பாகப் பார்க்கத் தெரியாத கண்களும் ஒரு காரணம் என்பது என் உறுதியான எண்ணம், இரண்டு முறை பார்க்கச் சொல்வது அதனால்தான்.

யாரோடு பார்ப்பது, அடுத்து என்ன

வீட்டில் பிள்ளைகளோடு பார்ப்பதாக இருந்தால் முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுங்கள்: இனத்தைக் குறிக்கும் கேவலமான சொல் பல தடவை வரும், படம் அதை மழுப்பாமல் வைத்திருக்கிறது. ஒரு பெண் ஜன்னலில் ஆடையில்லாமல் நிற்கும் காட்சி உண்டு, சங்கிலியோடு வெள்ளை இளைஞர்கள் டிப்ஸை வளைக்கும் காட்சியும் உண்டு. பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளைகள் தாராளமாகப் பார்க்கலாம். பார்த்து முடித்ததும் யார் கொலைகாரன் என்று பேசாமல், ஹென்றி அந்த இரவு வீட்டுக்குப் போய் என்ன சொல்லியிருப்பார் என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு நன்றாகப் போகும்.

இரண்டு முறையும் முடிந்த பிறகு, 1958-இல் வந்த 'த டிஃபையன்ட் ஒன்ஸ்' பாருங்கள். பாய்ட்டியரும் டோனி கர்டிஸும் ஒரே சங்கிலியில் கட்டப்பட்டுத் தப்பியோடும் கைதிகள். அதன் முடிவில் பாய்ட்டியரின் பாத்திரம் வெள்ளைக்காரருக்காக என்ன செய்கிறது என்பதையும் ஒன்பது வருஷம் கழித்து டிப்ஸ் என்ன செய்கிறார் என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இடையில் அந்த நாட்டிலும் அந்த நடிகரிடமும் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று தெரியும். ஸ்டைகரை இன்னும் பார்க்க வேண்டுமானால் 'த பான்புரோக்கர்', அதற்கும் இசை குவின்ஸி ஜோன்ஸ்தான், அங்கே ஸ்டைகர் பெரும்பாலும் அடங்கியே இருப்பார். டிப்ஸை வைத்துப் பின்னால் வந்த இரண்டு படங்களைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், நேரம் இல்லையென்றால் விட்டுவிடலாம், கில்லெஸ்பி அவற்றில் இல்லை.